ரயில்வே கேட்: எது எதுவரை காக்கும்?

2025 ஜூலை 8 காலை, கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையே செம்மங்குப்பத்தில் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்த பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் மூன்று பேர் இறந்துபோனார்கள். அது ஆளில்லாத கடவை இல்லை. 170 என்று எண் இட்ட கேட். கேட் கீப்பர் பணியில் இருந்தார். கம்பமும் தொலைபேசியும் இருந்தன. ஆனால் ரயில் வந்த நேரத்தில் கேட் மூடியிருக்கவில்லை.

அடுத்த சில நாட்கள் ஊடகங்களில் ஓடிய விவாதமெல்லாம் யார் குற்றவாளி என்பதைச் சுற்றியே இருந்தது. அதற்கு விசாரணை உண்டு, நீதிமன்றம் உண்டு. எனக்கு உறைத்த விவரம் வேறு. அந்த கேட் இன்டர்லாக்கிங் செய்யப்படாத கேட். அதாவது, கேட் மூடாமலே ரயிலுக்குப் பச்சை விளக்கு எரிய வழியுள்ள கேட். தினமும் அதைக் கடக்கும் ஊர்க்காரர்களில், பிள்ளைகளை வேனில் ஏற்றிவிடும் பெற்றோர்களில், வேன் ஓட்டுநர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? சாலையில் வருகிறவர் கண்ணுக்கு எல்லா ரயில்வே கேட்டும் ஒன்றுதான். பட்டை அடித்த கம்பம், பக்கத்தில் ஒரு சிறு அறை, வாசலில் ஒரு குடம். உள்ளே நடக்கும் வேலை ஒவ்வொன்றிலும் வேறு. ஒவ்வொரு வகைக் கடவையும் நமக்குத் தரும் காவலுக்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லை எங்கே முடிகிறது என்று தெரிந்துகொண்டு கடப்பதுதான் பாதுகாப்பு என்பதன் முக்கால் பங்கு.

இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டிலிருந்தே தொடங்கலாம். அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தால் பெரிதாக எதுவும் இருக்காது. ஒரு தொலைபேசி, ஒரு பதிவேடு, சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, மூன்று நிறம் காட்டும் கைவிளக்கு, கம்பம் உடைந்துபோனால் குறுக்கே கட்டப் பூட்டோடு ஒரு சங்கிலி, ஒரு டப்பாவில், ரயில் ஏறினால் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் டெட்டனேட்டர்கள். பக்கத்து நிலையத்திலிருந்து ரயில் புறப்படுவதற்கு முன் ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டுக்கு போன் செய்து ரயிலின் எண்ணைச் சொல்கிறார். கேட் கீப்பர் வெளியே வந்து கைப்பிடியைச் சுழற்றிக் கம்பங்களை இறக்கிப் பூட்டுகிறார். திரும்பி வந்து, தன்னிடமுள்ள தாளில் அடுத்ததாக இருக்கும் இரண்டிலக்க எண்ணை ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்கிறார். இதைப் பிரைவேட் நம்பர் என்பார்கள். இருவரும் நேரத்தோடு பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். எண் வந்துவிட்டால் கேட் மூடியாயிற்று என்று அர்த்தம். ரயிலுக்கு வழி கொடுக்கலாம்.

முறை நல்ல முறைதான். பல தலைமுறைகளாகக் கோடிக்கணக்கான ரயில்களை இது பத்திரமாகக் கடத்தியிருக்கிறது. ஆனால் எண் சொல்லும் வாய்க்கும் இறங்கும் கம்பத்துக்கும் நடுவே கம்பி, பூட்டு, மின்சாரம் என்று எந்தத் தொடர்பும் இல்லை. முதலில் எண்ணைச் சொல்லிவிட்டுப் பிறகு மூடலாம் என்று ஒருவர் நினைத்தால் அதைத் தடுக்க எதுவும் கிடையாது. இரவுப் பணியின் கடைசி மணி நேரத்தில் கண் செருகினாலும் அப்படித்தான். முழுப் பாரமும் ஒரு மனிதரின் விழிப்பின் மேல்.

இன்டர்லாக்கிங் உள்ள கேட்டில் இந்தப் பாரத்தைப் பூட்டு சுமக்கிறது. கம்பங்கள் முழுதாக இறங்கிப் பூட்டப்பட்டால்தான் சாவி வெளியே வரும். அந்தச் சாவியைக் கருவியில் பொருத்தினால்தான் சிக்னல் பச்சைக்கு மாறும். சிக்னல் ஒருமுறை பச்சையாகிவிட்டால், ரயில் கடந்து முடியும்வரை சாவி சிறைப்பட்டுவிடும். கேட் கீப்பரே நினைத்தாலும் அவ்வளவு சுலபத்தில் திறக்க முடியாது. ‘ரயில்தான் இன்னும் கண்ணிலேயே காணோமே, திறந்து விடுய்யா’ என்று அவரைத் திட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். திறக்கும் அதிகாரம் அந்த நேரத்தில் அவர் கையில் இல்லை.

ஏன் இவ்வளவு முன்னதாக மூட வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் ஒரு விரைவு ரயில் நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேண்டும். ஆகவே கேட்டைக் காக்கும் சிக்னல் பச்சையா சிவப்பா என்பது ரயிலை ஓட்டும் லோகோ பைலட்டுக்கு அதைவிட நெடுந்தொலைவிலேயே தெரிந்தாக வேண்டும். அதற்கு முன்பே கேட் மூடிப் பூட்டியிருக்க வேண்டும். இரட்டைப் பாதையாக இருந்தால் இந்தப் பக்க ரயில் போன கையோடு அந்தப் பக்க ரயில் வரும். வெயிலில் நிற்கிறவருக்கு வீணாகத் தோன்றும் அந்தப் பத்து நிமிடம், ரயில் நிற்பதற்கு வேண்டிய தூரத்தின் இன்னொரு வடிவம்.

கம்பம் இறங்கும்போது கடைசி நொடியில் உள்ளே நுழைகிற வண்டியால் நேரும் கேடு பலருக்குத் தெரிவதில்லை. வண்டி இடையில் சிக்கினால் கேட் மூடாது. மூடாவிட்டால் சிக்னல் சிவப்பாகவே இருக்கும். ரயில் வெளியே நிற்கும். கேட் சிக்னலில் மஞ்சள் வட்டத்தில் ‘ஜி’ என்ற எழுத்து இருக்கும். அது சிவப்பாகவே இருந்தால் லோகோ பைலட் விசில் கொடுத்து, பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் காத்திருந்து, பிறகு மெல்ல ஊர்ந்து கேட் வரை வர விதி அனுமதிக்கிறது. அதாவது, இன்டர்லாக்கிங் உள்ள கேட்டிலும்கூட, பழுது நேர்ந்தால், திறந்த கேட்டை நோக்கி ரயில் மெதுவாகவேனும் வரக்கூடும்.

எந்த கேட்டுக்கு இன்டர்லாக்கிங் வேண்டும் என்று தீர்மானிக்க ரயில்வே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை, சாலையில் கடக்கும் வாகன அலகுகளால் பெருக்கும் கணக்கு அது. ரயில் ஒன்று, மோட்டார் வாகனம் ஒன்று. ஆட்டோ அரை, இருசக்கர வாகனம் கால். செம்மங்குப்பத்துக்குப் பிறகு ரயில்வே அமைச்சகம் வெளியிட்ட 11 அம்ச உத்தரவில், இந்தப் பெருக்குத்தொகை 10,000 தாண்டினாலே இன்டர்லாக்கிங் என்று வரம்பு குறைக்கப்பட்டது. கேட்டுகளில் கண்காணிப்புக் கேமரா, தொலைபேசிப் பேச்சின் ஒலிப்பதிவைத் தினமும் எடுத்துச் சரிபார்ப்பது ஆகியவையும் அதில் இருந்தன. நல்ல முடிவுகள். ஆனால் கணக்கையே இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பேன். ஒரு கிளைப் பாதையில் நாளொன்றுக்கு 20 ரயில், சாலையில் 400 அலகு என்றால் பெருக்குத்தொகை 8,000. வரம்புக்குள் வராது. அந்த 400-இல் காலையும் மாலையும் கடக்கும் பள்ளி வேனும் ஒன்று. உள்ளே ஐந்து பிள்ளைகள் இருந்தாலும் முப்பது பிள்ளைகள் இருந்தாலும் அது ஒரே அலகுதான். பள்ளி வாகனங்கள் கடக்கும் கேட்டுகளை இந்தக் கணக்கிலிருந்து விலக்கி, முதலில் இன்டர்லாக்கிங் செய்வதே முறை.

இந்தியாவில் இப்போது ஏறத்தாழ 17,000 ஆளுள்ள கேட்டுகள் இருக்கின்றன. இன்டர்லாக்கிங் பெற்றவை 11,000-க்கு மேல். மிச்சமுள்ள ஆயிரக்கணக்கானவற்றுக்கும் இவற்றுக்கும் சாலையோரப் பலகையில் வித்தியாசம் இல்லை. 200 மீட்டருக்கு முன் இரண்டு சாய்கோடு, கிட்டே வந்ததும் ஒரு கோடு, கேட் படம் போட்ட ஒரு முக்கோணம், அவ்வளவுதான். இந்த கேட் பூட்டோடு பிணைந்ததா, தொலைபேசியை மட்டும் நம்பியதா என்று ஒரு சிறு அடையாளம் அந்தப் பலகையில் சேர்க்க என்ன செலவாகிவிடும்? அது வரும்வரை சாலையில் வருகிறவருக்கு ஒரே வழிதான் உண்டு: ஒவ்வொரு கேட்டையும் தொலைபேசி கேட் என்றே வைத்துக்கொள்வது. கேட் திறந்திருந்தாலும் வேகம் குறைத்து, பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரண்டு பக்கமும் பாதையை நேராகப் பார்த்துவிட்டு ஏறுவது. இதற்கு ஐந்து நொடி போதும். பள்ளி வேனில் உதவியாளர் இறங்கிப் பார்த்த பிறகே வண்டி நகர வேண்டும் என்று ஒவ்வொரு பள்ளியும் எழுத்தில் வைக்கலாம்.

இறங்கிப் பார்ப்பது புதிய யோசனையும் இல்லை. ஆளில்லாக் கடவைகளுக்கு அதுவே சட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு, காவலற்ற கடவையில் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும், நடத்துநரோ கிளீனரோ உடன் வருபவரோ இறங்கி நடந்துபோய் இரு பக்கமும் ரயிலோ டிராலியோ வரவில்லை என்று பார்த்து வண்டியை முன்நடத்திக் கடத்த வேண்டும், வேறு யாரும் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும் என்கிறது. டிராலி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பாதையைச் சோதிக்க ஊழியர்கள் தள்ளிக்கொண்டு வரும் டிராலிக்கு ஆரவாரம் கிடையாது. 1989 ரயில்வே சட்டத்தின் 161-ஆம் பிரிவு, ஆளில்லாக் கடவையை அலட்சியமாகக் கடப்பவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது.

சட்டம் இருந்தும் பிள்ளைகள் போனார்கள். 2014 ஜூலையில் தெலங்கானாவின் மாசாய்ப்பேட்டையில் பள்ளிப் பேருந்து, 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் பள்ளி வேன். இரண்டும் ஆளில்லாக் கடவைகள். குஷிநகரில் மட்டும் 13 பிள்ளைகள். அணுவிஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையிலான குழு 2012-லேயே, ஆள் உள்ளது இல்லாதது என்று பார்க்காமல் எல்லாக் கடவைகளையும் ஐந்தாண்டில் ஒழிக்க வேண்டும், அதற்கு ஏறத்தாழ 50,000 கோடி ரூபாய் தேவை என்று பரிந்துரைத்திருந்தது. ஆளில்லாக் கடவைகளில் கேட் மித்ரா என்ற பெயரில் உள்ளூர் ஆட்களை நிறுத்திப் பார்த்தார்கள். குஷிநகருக்குப் பிறகு வேலை வேகம் பிடித்தது. 2019 ஜனவரி 31-க்குள் அகலப் பாதையில் ஆளில்லாக் கடவை ஒன்றுகூட இல்லாமல் ஆக்கப்பட்டது. இந்திய ரயில்வே செய்த பெரிய காரியங்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

அதே ஆண்டு ஜூனில் திருவாரூர் - காரைக்குடி பாதை அகலப் பாதையாகத் திறந்தபோது எல்லா கேட்டுக்கும் ஆள் இல்லை. கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட்டுக்கு முன் ரயில் நிற்கும், ஒருவர் இறங்கி ஓடிப்போய் மூடுவார், ரயில் கடந்து மறுபடி நிற்கும், கேட்டைத் திறந்துவிட்டு அவர்கள் ஏறிக்கொள்வார்கள். 150 கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பயணிகள் பொறுமை இழந்தார்கள். ஆனாலும் காவலில்லாமல் ஓட்டுவதைவிட நின்று நின்று ஓட்டுவது மேல் என்று எடுத்த முடிவு சரியானது. பின்னர் முன்னாள் படைவீரர்கள் கேட் கீப்பர்களாக வந்தார்கள்.

ஆளில்லாக் கடவை கணக்கில் ஒழிந்தது, பழக்கத்தில் ஒழியவில்லை. வயலுக்குப் போகிறவர்களும் ஆடு மாடு ஓட்டுகிறவர்களும் தண்டவாளத்தின் மேல் போட்டுவைத்திருக்கும் ஒற்றையடிப் பாதைகள், ஆலைகளுக்கும் துறைமுகங்களுக்கும் உள்ளே போகும் தனிப் பாதைகள் என்று காவலில்லாமல் கடக்கும் இடங்கள் இன்னும் உண்டு. அங்கே நம் கண்ணையும் காதையும் எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்போம். கடவை என்று குறிக்கப்பட்ட இடமானால், அதற்குச் சுமார் 600 மீட்டர் முன்னால் ‘டபிள்யூ/எல்’ என்று எழுதிய மஞ்சள் பலகை நிற்கும். அங்கிருந்து லோகோ பைலட் விசில் அடிப்பார். 110 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 600 மீட்டரைக் கடக்க ரயிலுக்கு 20 நொடி. இந்தப் பக்கம் டிரெய்லர் பூட்டிய டிராக்டர் ஒன்று மணிக்கு 5 கிலோமீட்டரில் ஏறுகிறது. தன் நீளத்தையும் சேர்த்து 35 மீட்டர் நகர்ந்தால்தான் அது முழுதாக விலகும். அதற்கு 25 நொடி. விசில் கேட்ட பிறகு ஏறினால் தப்ப முடியாது என்பதைவிட இதில் கொடுமையான விஷயம், விசில் கேட்பதற்கு ஒரு நொடி முன்னால் ஏறியிருந்தாலும் தப்ப முடியாது என்பதுதான். கனத்த வண்டிக்குக் காது போதாது. பாதை தொலைதூரம் தெரிய வேண்டும். வளைவோ சீமைக் கருவேலப் புதரோ மறைத்தால் ஆள் முன்னால் போய் நின்று பார்த்தே ஆக வேண்டும்.

கண்ணும் ஏமாற்றும். அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஷல் லெய்போவிட்ஸ் 1985-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை விளக்கினார். பெரிய உருவங்கள் அவற்றின் உண்மையான வேகத்தைவிட மெதுவாக வருவதாகவே நமக்குத் தோன்றும். தரையிறங்கும் பெரிய விமானம் வானத்தில் மிதப்பதுபோல் தெரிவது இதனால்தான். நேர் எதிரே வரும் ரயில் நெடுநேரம் ஒரே புள்ளியாக நிற்கும், கடைசியில் திடீரெனப் பெருக்கும். அதுவும் இப்போது பெரும்பாலான பாதைகள் மின்மயமாகிவிட்டன. பழைய டீசல் இன்ஜினின் உறுமல் இல்லை. ரயிலின் சத்தம் அதிகம் கேட்பது பக்கவாட்டில்தான், முன்னால் குறைவு. ‘வந்தால் கேட்குமே’ என்ற பழைய அனுபவ அறிவு இன்று உதவாது. காதில் இயர்போன் மாட்டியிருப்பவருக்குச் சொல்லவே வேண்டாம்.

இலங்கையில் நிலைமை வேறு மாதிரி. அங்கே கேட் உள்ள கடவை, மணியும் சிவப்பு விளக்கும் மட்டும் உள்ள கடவை, மூங்கில் கேட் போட்டுக் காக்கும் கடவை, ஒன்றுமே இல்லாத கடவை என்று நான்கு விதமும் ஒரே பாதையில் அடுத்தடுத்து வரும். 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம் வரை ரயில் திரும்பி வந்தபோது, கால் நூற்றாண்டு ரயிலையே காணாத தலைமுறை அதன் குறுக்கே கடக்கக் கற்க வேண்டியிருந்தது. மூங்கில் கேட் காவலர்கள் பொலிஸாரின் மேற்பார்வையில் நாளுக்கு 250 ரூபாய்க்கு நெடுங்காலம் வேலை பார்த்தவர்கள். நிரந்தர நியமனம் கேட்டுப் பலமுறை போராடியவர்கள். அந்தக் கூலியில் ஓர் ஊரின் உயிரைக் காக்கச் சொல்வது அநியாயம். மணி விளக்குக் கடவையில் சிவப்பு எரிந்தால் நிற்க வேண்டும் என்பது தெளிவு. எரியாவிட்டால் என்ன பொருள் என்பதில்தான் கவனம் வேண்டும். ரயில் இல்லை என்றும் இருக்கலாம், விளக்கு பழுது என்றும் இருக்கலாம். அணைந்த விளக்கை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மற்றவர்கள் நின்றதைப் பார்த்தும் நிற்காமல் போனதற்கு 2005 ஏப்ரல் 27 சாட்சி. பொல்கஹவெல அருகே யாங்கல்மோதரையில், கடவையில் காத்து நின்ற வாகனங்களை முந்திக்கொண்டு குறுக்கே போன பேருந்தில் ரயில் மோதி முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இங்கிலாந்தில் வண்டி ஓட்டும் நம்மவர்கள் தானியங்கி அரைக் கம்பங்களைப் பார்த்திருப்பார்கள். சாலையின் இடப்பாதியை மட்டும் மறைக்கும் கம்பம்; ஆள் யாரும் இல்லை; ரயிலே தன் வருகையால் விளக்கையும் கம்பத்தையும் இயக்கும். விளக்கு எரிந்து ஏறத்தாழ அரை நிமிடத்தில் ரயில் வந்துவிடும். நம் ஊர்ப் பத்து நிமிடக் காத்திருப்புக்குப் பழகியவர், இன்னும் நேரம் இருக்கிறது என்று கம்பத்தைச் சுற்றி வளைந்தால் அது உயிரைப் பறிக்கும் பிழை. இந்த வகைக் கடவையில் மெதுவான பெரிய வண்டிக்கு நேரம் போதாது என்பதை 1968 ஜனவரி 6 அன்று இங்கிலாந்தின் ஹிக்ஸன் விபத்து காட்டியது. 120 டன் மின்மாற்றியைச் சுமந்த நீண்ட வண்டி கடவையில் ஊர்ந்துகொண்டிருந்தது. அன்றைய எச்சரிக்கை நேரம் 24 நொடி. மோதிய விரைவு ரயிலில் 11 பேர் இறந்தார்கள். பெரிய, நீளமான, மெதுவான வண்டி ஓட்டுகிறவர் கடவைத் தொலைபேசியில் சிக்னல் பணியாளரைக் கேட்டுவிட்டே ஏற வேண்டும் என்பதை அந்நாடு அதன் பிறகு வலுவாகப் பற்றிக்கொண்டது.

எல்லா வகைக் கடவைக்கும் பொதுவான ஓர் ஆபத்து இரண்டாவது ரயில். 2005 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தின் எல்ஸன்ஹாம் நிலையத்தில், ஒரு ரயில் போனதும் நடைக் கடவையில் இறங்கிய இரண்டு சிறுமிகளை எதிர்ப் பாதையில் வந்த ரயில் அடித்தது. சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது; அது முதல் ரயிலுக்கான விளக்கு என்று நினைப்பது எவ்வளவு இயல்பு! அந்த வழக்கில் ரயில் பாதை நிறுவனத்துக்கு 2012-இல் பத்து லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. நம் ஊரில் கடைசிப் பெட்டி கடந்த மறுநொடி பைக்கைச் சாய்த்துக் கம்பத்துக்கு அடியில் நுழைகிறார்கள். கடைசிப் பெட்டி மறைத்துக்கொண்டிருப்பது அடுத்த பாதையைத்தான். கம்பம் முழுதாக உயர்ந்து நிற்கும்வரை காத்திருப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கேட் மூடியதும் இரு பக்கமும் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், அடுத்த ஆபத்து உருவாகிற விதம் தெரியும். முதலில் இடப்பக்கம் வரிசை நிற்கும். பிறகு வந்த பைக்குகள் வலப்பக்கம் முன்னேறிக் கம்பத்தை முட்டி நிற்கும். அவற்றின் பின்னால் ஓர் ஆட்டோ, அதன் பின்னால் ஒரு கார். எதிர்ப்பக்கமும் இதே கதை. கம்பம் தூக்கியதும் சாலையின் முழு அகலத்தையும் அடைத்த இரண்டு கூட்டங்கள் தண்டவாளத்தின் நடுவில் சந்தித்து நகர முடியாமல் நிற்கும். அடுத்த ரயிலுக்குக் கேட் மூட வேண்டிய நேரத்தில் உள்ளே பத்து வண்டிகள். இதற்குத் தேவை ஒன்றே: தன் பக்கம் மட்டும் நிற்பது, எதிரே தன் வண்டி முழுதும் நிற்க இடம் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே ஏறுவது. முதல் கியரில் ஏறி, தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றாமல் இறங்குவது. சைக்கிளில் வருகிறவர்கள் தண்டவாளத்தின் பள்ளத்தைக் குறுக்கே நேராகத் தாண்ட வேண்டும். சாய்ந்து போனால் சக்கரம் உள்ளே இறங்கிவிடும்.

வண்டி நடுவில் நின்றுவிட்டால், முதல் வேலை எல்லோரும் இறங்குவது. கிளப்பிப் பார்ப்பது அதற்குப் பிறகுதான், பிள்ளைகளை இறக்கிய பிறகுதான். பாதையை விட்டு விலகி, ரயில் வரும் திசையை நோக்கிச் சாய்வாக ஓட வேண்டும். மோதினால் சிதறல்கள் ரயில் போகும் திசையில்தான் பறக்கும். ஒருவர் கேட் அறைக்கு ஓட வேண்டும். தகவல் கிடைத்தால் கேட் கீப்பர் சிக்னலைச் சிவப்பாக்குவார் அல்லது ஸ்டேஷன் மாஸ்டரை அழைப்பார். சிவப்புக் கொடியோடு ஓடி, அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒன்று, 1,200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று என்று டெட்டனேட்டர் பொருத்துவதும் அவருக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒருவர் 1,200 மீட்டர் ஓட எவ்வளவு நேரமாகும்? அதனால்தான் முதல் நொடித் தகவலுக்கு இவ்வளவு மதிப்பு. கேட் அறை இல்லாத இடத்தில் ரயில்வேயின் 139 அல்லது 112. இரு கம்பங்களுக்கும் இடையில் கார் சிக்கினால் கம்பத்தை மோதித் தள்ளிக்கொண்டு வெளியேறும்படி ஜப்பானில் ஓட்டுநர் பயிற்சியிலேயே சொல்லித்தருகிறார்கள். அங்கே கம்பம் இலேசானது. நம் ஊரில் அது கனத்த இரும்புக் குழாய். அதனால் வண்டியை விட்டு இறங்கிவிடுவதுதான் இங்கே வழி. மூடிய கேட்டைத் திறப்பவருக்கு மூன்றாண்டு, உடைப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது ரயில்வே சட்டத்தின் 160-ஆம் பிரிவு. அது அவசரக்காரர்களுக்கான பிரிவு. உயிர் தப்ப ஓடுகிறவர் அதை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை.

மின்மயமான பாதையில் தலைக்கு மேலும் ஒரு கடவை இருக்கிறது. 25,000 வோல்ட் கம்பி. சாலையின் இரு பக்கமும் நிற்கும் உயரத் தடுப்பு 4.67 மீட்டர். வைக்கோல் லாரி, கரும்பு லாரி ஓட்டுநர்கள் தடுப்பில் உரசினால் சுமையைக் குறைக்க வேண்டுமே தவிர, மேலே ஆள் ஏற்றிக் கம்பால் தூக்கிவிடக் கூடாது. இந்த மின்சாரம் தொட்டால்தான் தாக்கும் என்றில்லை, நெருங்கினாலே பாயும். சுமையின் மேல் உட்கார்ந்து வருகிறவர்கள் தடுப்புக்கு முன்பே இறங்கி நடந்து கடக்க வேண்டும்.

கடவைகளை ஒழித்துவிட்டுச் சுரங்கப்பாதை கட்டுவதுதான் தீர்வு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கட்டிய சுரங்கப்பாதை அடுத்த மழையில் குளமாகிறது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் அப்படித் தேங்கிய நீரில் கார் மூழ்கி அரசு மருத்துவர் ஒருவர் இறந்தார். ஆழம் காட்டும் அளவுகோல், தண்ணீர் ஏறியதும் சாலையை அடைக்கத் தடுப்பு, இயங்கும் பம்பு, அதற்குப் பொறுப்பான ஓர் ஆள் ஆகியவை இல்லாத சுரங்கப்பாதை, ரயில் மோதும் ஆபத்தை மழைநாளுக்கு மாற்றிவைக்கிறது. இரவில் ஆழம் தெரியாத நீரில் இறங்குவதும் மூடிய கேட்டுக்கு அடியில் நுழைவதும் ஒன்றேதான்.

நடந்து போகிறவர்கள்தான் இந்தத் திட்டங்களில் எப்போதும் கடைசி. கேட் இருந்த இடத்தில் சுவர் எழுப்பி மேம்பாலத்தை அரை கிலோமீட்டர் தள்ளிக் கட்டினால், மூட்டு வலிக்காரப் பாட்டியும், தலையில் புல்லுக்கட்டோடு வருபவரும், ஊன்றுகோல் பிடித்தவரும் சுவரின் உடைந்த மூலை வழியாகத் தண்டவாளத்தில்தான் இறங்குவார்கள். ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவு அதை அத்துமீறல் என்கிறது. ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ககோட்கர் குழு சொன்ன கணக்கில், இப்படித் தண்டவாளம் கடந்து இறப்பவர்கள் ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர். எந்தக் கடவை விபத்தும் இதன் அருகில் வராது. ஆகவே ஒரு கேட்டை மூடும் உத்தரவில் கையெழுத்து விழுவதற்கு முன், அதே இடத்தில் படியில்லாத சாய்தளத்தோடு ஒரு நடைவழி திறந்திருக்க வேண்டும். சக்கர நாற்காலி ஏறும் சாய்வு, இரவெல்லாம் எரியும் விளக்கு, மழைநீர் வடியும் கால் மூன்றும் அதில் இருக்க வேண்டும். கிராம சபையில் கேட்டை மூடச் சம்மதம் கேட்டு வரும்போது ஊர்க்காரர்கள் வரைபடத்தை விரிக்கச் சொல்லி முதலில் தேட வேண்டியது இந்த நடைவழியைத்தான்.